சந்தைக்கு வரும் நாட்டுச் சேவல்

மைசூரு வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டுப் புறக்கடையில் வளரும் நாட்டுச் சேவல், பெரும்பாலும் வாரச் சந்தையில்தான் காசாக மாறுகிறது. நஞ்சன்கூடு, ஹுன்சூர், டி. நரசிபுரா, எச்.டி. கோட்டே, பெரியபட்டணா என்று தாலுகா ஊர்களுக்கும் அவற்றைச் சுற்றிய பெரிய கிராமங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் சந்தை கூடுகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அங்கே பெரிய இடம் உண்டு. கோழிக்காரர்கள் ஓர் ஓரத்தில், கூடையும் கூண்டுமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓரத்தில் கைமாறும் பணம் சிறு தொகைதான். ஆனால் வீட்டுப் பெண்கள் தாங்களே வளர்த்து, தாங்களே விற்று, தங்கள் கையில் வைத்துக்கொள்ளும் பணம் அது. பள்ளி நோட்டுக்கும் மருந்துக்கும் திடீரென்று வரும் விருந்துச் செலவுக்கும் அதுவே கைகொடுக்கிறது. ஆகவே ஒரு சேவலுக்கு ஐம்பது ரூபாய் கூடுகிறதா குறைகிறதா என்பது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை.

சேவல் ஏன் மிஞ்சுகிறது

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இப்படி நடக்கும். அடை வைத்த 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்ததில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மற்ற சேவல்கள் வளர வளர ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், பெட்டைகளை விரட்டும், வீட்டில் சிந்தும் தானியத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். முட்டைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பெட்டை தேவை என்பதால், விற்பதற்கென்று முதலில் ஒதுக்கப்படுவது சேவல்தான்.

ஐந்தாறு மாதத்தில் நாட்டுச் சேவல் ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை எட்டும். அதற்கு மேல் வைத்திருந்தால் எடை மெதுவாகத்தான் கூடும். நாய்க்கும் கீரிக்கும் நோய்க்கும் பறிகொடுக்கும் அபாயமோ நாள்தோறும் இருக்கும். எனவே விற்பனைக்கு உகந்த காலம் மிகக் குறுகியது.

நாட்டில் இந்த வளர்ப்பு குறைந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மொத்தம் 85.18 கோடி கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றில் புறக்கடையில் வளர்பவை 31.7 கோடி. முந்தைய 2012ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் புறக்கடைப் பறவைகள் மட்டும் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடியிருந்தன. பண்ணைக்கோழி எங்கும் கிடைக்கும் காலத்திலும் நாட்டுக்கோழிக்கு ஆள் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. மைசூரு, மண்டியா, சாமராஜநகர் பகுதிகளில் கேழ்வரகுக் களியோடு நாட்டுக்கோழிச் சாறு விருந்துணவாக மதிக்கப்படுவதும், நகரத்து உணவகங்கள் அதைத் தனியே விலை வைத்து விற்பதும் இந்தத் தேவையைத் தாங்கி நிற்கின்றன.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிராமத்துக் கால்நடை ஏலக் கூடங்களில் சேவல்களை ஏலம் விடுவது வழக்கம். அங்கே முட்டைக்காகப் பெட்டையை விரும்புவோர் அதிகம். கூவும் சத்தத்துக்காக அமெரிக்காவின் பல நகராட்சிகள் சேவல் வளர்ப்பதையே தடுக்கின்றன. ஆகவே மிஞ்சும் சேவல் மலிவாகப் போய்விடும். தென்னிந்தியாவில் நிலைமை வேறு. நேர்த்திக்கடனுக்கு ஆண் பறவையே வேண்டும் என்ற வழக்கமும், சேவல் கறிக்கு உள்ள விருப்பமும், அதன் கூடுதல் எடையும் சேர்ந்து சேவலை விலையுள்ள சரக்காக வைத்திருக்கின்றன.

சந்தையில் விலை பேசும் முறை

சந்தை நடத்தும் உரிமை உள்ளாட்சி அமைப்புக்கு உரியது. கிராமப் பஞ்சாயத்தோ நகர மன்றமோ, சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விடும். ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆட்கள் சந்தைக்கு வரும் சரக்குக்கு ஏற்பச் சுங்கம் வாங்கிச் சீட்டுக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் இதே நடைமுறைதான். சந்தையில் முறைப்படி நடக்கும் ஏலம் இந்தச் சுங்க உரிமைக்கு உரியது. கோழிகள் ஒவ்வொன்றாகப் பேரம் பேசியே விற்கப்படுகின்றன.

மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையை வைத்து, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் தொகை தெரியாது. கோழிக்கு அந்த மறைவு கிடையாது. வாய்விட்டுச் சொல்லும் பேரம்தான். விற்பவர் ஒரு தொகை சொல்வார், வாங்குபவர் அதில் பாதிக்குச் சற்று மேலே கேட்பார், நடுவில் எங்காவது முடியும்.

வாங்க வருபவர்கள் நான்கு வகை. முதலாமவர் மொத்த வியாபாரி: கறிக்கடைக்கும் உணவகத்துக்கும் சேர்த்துக் கூண்டு கூண்டாக வாங்குபவர். இரண்டாமவர் அன்றைக்கோ மறுநாளோ சமைக்க வாங்கும் குடும்பத்தார். மூன்றாமவர் நேர்த்திக்கடனுக்குக் குறிப்பிட்ட நிறச் சேவலைத் தேடி வருபவர். நான்காமவர் தம் பெட்டைகளோடு சேர்க்க நல்ல இனச் சேவலைத் தேடும் வளர்ப்பாளர். மொத்த வியாபாரி கொடுக்கும் விலையே பொதுவாகக் குறைவு. அவர் போக்குவரத்துக்கும், வழியில் சாகும் பறவைக்கும், தம் லாபத்துக்கும் இடம் விட்டுத்தான் விலை கேட்பார். மற்ற மூவரும் தம் சொந்தத் தேவைக்கு வாங்குவதால் கூட்டிக் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் ஏற ஏறப் பறவை சோர்ந்துபோகும். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தும் மனத்தில் ஓடும். இந்த அவசரத்தை வியாபாரி நன்றாக அறிவார். விடியலில் பல வியாபாரிகள் ஒரே நேரத்தில் சுற்றும்போது அவர்கள் தங்களுக்குள் போட்டி போடுவார்கள். பதினோரு மணிக்கு மேல் ஒருவரே மிச்சமிருந்தால் அவர் வைத்ததே விலை.

சேவலைச் சோதிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எலும்பு கூராகக் குத்தினால் சதை இல்லை. அடுத்து கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொடுவார்கள். எடைக்காகத் தானியத்தைத் திணித்துக் கொண்டுவந்திருந்தால் அது கல்லாகத் தட்டுப்படும். காலில் உள்ள முள்ளின் நீளம் வயதைச் சொல்லும்: சிறு மொட்டாக இருந்தால் இளசு, நீண்டு வளைந்திருந்தால் முற்றல். கொண்டையும் தாடியும் சிவந்து பளிச்சென்று இருக்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் நோயின் அறிகுறி. கடைசியாக வாலடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒட்டியிருந்தால் கழிச்சல் என்று ஒதுங்கிவிடுவார்கள். விற்பவர் இவற்றை முந்தைய நாளே வீட்டில் பார்த்துவிட்டால், சந்தையில் எந்தக் குறையைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எடையும் கண்மதிப்பும்

புறக்கடைச் சேவல் விற்பனையில் அதிக நட்டம் வருவது கண்மதிப்பால். கூடையிலிருந்து தூக்கி, கையில் ஒரு முறை ஆட்டிப் பார்த்து, இது இவ்வளவு எடை என்று வியாபாரி சொல்வார். நாள்தோறும் நூறு பறவை தூக்கும் கைக்கு எடை துல்லியமாகத் தெரியும். மாதம் ஒன்றிரண்டு விற்கும் கைக்குத் தெரியாது. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோச் சேவலை ஒன்றேமுக்கால் கிலோ என்று ஒப்புக்கொண்டால் நூறு ரூபாய் போயிற்று. ஐந்து சேவலுக்கு ஐந்நூறு ரூபாய். தீவனச் செலவே அதிகம் இல்லாத வளர்ப்பில் இது பெரிய இழப்பு.

இதற்குத் தீர்வு எளியது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தொங்கு தராசில் வீட்டிலேயே நிறுத்து, எடையை எழுதிக்கொண்டு போக வேண்டும். வியாபாரியின் தராசில் எடை போடும்போது, அதில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை விற்பவருக்கு உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வணிகத்தில் பயன்படும் தராசு சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.

வழியில் எடை குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரை நிறுத்திய பிறகு கறிக்கோழிகள் மணிக்கு 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை எடை இழப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு கிலோப் பறவைக்கு இது மணிக்கு நான்கு முதல் பத்துக் கிராம். வெயிலில், தண்ணீரின்றி நெருக்கி அடைத்தால் இழப்பு இன்னும் கூடும். காலையில் கொஞ்சம் இரையும் தாராளமாகத் தண்ணீரும் கொடுத்துக் கொண்டுபோனால், பறவையும் தெளிவாக இருக்கும், எடையும் நிற்கும்.

இரண்டு மாநிலம், இரண்டு நாள்காட்டி

சேவல் விலையை ஆட்டி வைப்பது பண்டிகை. பழைய மைசூருப் பகுதியில் ஆண்டின் உச்ச நாள், யுகாதிக்கு மறுநாள் வரும் ‘ஹொசதொடகு’. முதல் நாள் வேப்பம்பூவும் வெல்லமும் ஒப்பட்டு என்னும் போளியும். மறுநாள் வீட்டுக்கு வீடு கறி விருந்து. அதற்கு முந்தைய வாரச் சந்தையில் நாட்டுச் சேவலுக்குத் தனி மவுசு. அடுத்தது மகாளய அமாவாசையை ஒட்டிய பித்ரு பட்சம். இந்தப் பகுதியின் பல சமூகத்தார் முன்னோருக்குக் கறி சமைத்துப் படைக்கிறார்கள். ஊர்தோறும் நடக்கும் மாரியம்மன் திருவிழாக்களும் அந்தந்த வட்டாரச் சந்தையில் விலையை ஏற்றும். சிராவண மாதத்தில் பலர் கறியை விடுவதால் விலை இறங்கும்.

தமிழ்நாட்டின் கணக்கு இதற்கு நேர்மாறாகப் போகும் நேரங்கள் உண்டு. ஆடியில் அம்மன், முனியப்பன், கருப்பசாமி கோயில்களுக்குச் சேவல் தேவை பெருகும். அதன் பின்பகுதியில் கர்நாடகத்தில் சிராவணம் தொடங்கிவிடும். புரட்டாசியில் தமிழ்நாட்டில் கறிக்கடைகள் காற்று வாங்கும். கர்நாடகத்தில் விலையை ஏற்றும் மகாளய அமாவாசை வருவதோ அதே புரட்டாசியில்தான். மலைப்பாதை வழியே சத்தியமங்கலத்தோடு இணைந்திருக்கும் சாமராஜநகர், தாளவாடி எல்லைப் பகுதிக்கு இது ஒரு வாய்ப்பு. ஒரு பக்கம் விலை இறங்கும்போது மறுபக்கம் ஏறியிருக்கும். கார்த்திகை, மார்கழி ஐயப்ப விரதம் மட்டும் இரு மாநிலங்களிலும் விலையைத் தணிக்கும்.

பண்டிகையைக் குறிவைத்து வளர்க்க வேண்டுமானால் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். வளர ஆறு மாதம், அடைக்கு 21 நாள். மார்ச் கடைசியில் வரும் யுகாதிக்குச் சேவல் தயாராக வேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்தில், அதாவது ஆவணிக் கடைசியில் அடை வைக்க வேண்டும். ஆடி முதல் வாரத்துக்கு என்றால் மார்கழியில். இந்தக் கணக்கு இல்லாமல் வளர்த்தால், விலை இறங்கிய வாரத்தில் சேவல் விற்பனைக்கு நிற்கும்.

நிறமும் இனமும்

கறிக்கு வாங்குபவர் எடையைப் பார்ப்பார்; வேண்டுதலுக்கு வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பார். செஞ்சேவல், கருஞ்சேவல், வெள்ளைச் சேவல் என்று தெய்வத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்பத் தேவை மாறும். ஒரே நிறத்தில் மாசு இல்லாத சேவலை எடையைப் பாராமல் வாங்கும் ஆட்கள் உண்டு என்பதால், அதைக் கறி வியாபாரியிடம் கிலோக் கணக்கில் தள்ளிவிடுவது இழப்பு. கர்நாடகத்தில் கோயிலிலும் அதன் வளாகத்திலும் உயிர்ப்பலி கொடுப்பதை 1959ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. வேண்டுதல் சேவலை வாங்குபவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

நாட்டுக்கோழியைப் போலவே வண்ண இறகோடு இருக்கும் மேம்பட்ட இனங்களும் சந்தைக்கு வருகின்றன. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட கிரிராஜா, ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா போன்றவை புறக்கடைக்கென்றே உருவானவை. விரைவாக வளர்ந்து அதிக எடை தரும். ஆனால் ருசி தேடி வருபவர் நாட்டினத்துக்கே கூடுதல் விலை கொடுப்பார். இரண்டையும் கலந்து நாட்டுக்கோழி என்று விற்றால் ஒருமுறை போகும். அடுத்த சந்தையில் விற்பவரின் பெயர் கெடும்.

அசீல் எனப்படும் சண்டைக்கோழி இனச் சேவல்களுக்குக் கறி விலையைப் போலப் பல மடங்கு விலை கிடைப்பதுண்டு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் சந்தையில் ஆட்டோடு நாட்டுக்கோழியும் இவ்வகைச் சேவலும் விலைபோகின்றன. இனப்பெருக்கத்துக்காக விற்பதில் தவறு இல்லை. ஆனால் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காலில் கத்தி கட்டிப் பந்தயத்தில் விடப்படும் சேவல் படும் வலி எந்த விலையாலும் நியாயமாகாது. யாருக்கு, எதற்காக விற்கிறோம் என்று கேட்டு விற்பது வளர்த்தவரின் கடமை.

சேவலுக்கு ஏலம் நடக்கும் இடங்கள்

தென்னிந்தியாவில் சேவல் முறைப்படி ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் வழிபாட்டு இடங்களில். பல கோயில்களில் பக்தர்கள் உயிரோடு காணிக்கையாக விடும் சேவல்களைக் கோயில் நிர்வாகம் ஏலம் விட்டு, தொகையைக் கோயில் கணக்கில் சேர்க்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று வீட்டில் விளைந்த பூசணி, வாழைத்தார், முட்டை ஆகியவற்றோடு சேவலும் படைக்கப்பட்டு ஏலத்துக்கு வரும். சந்தை விலையை மீறிக் கேட்பார்கள். எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. பணம் ஆலயத்துக்குப் போகிறது என்பதால் கூடுதல் விலையை யாரும் நட்டமாக எண்ணுவதில்லை.

இந்த ஏலங்களிலிருந்து சந்தைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பேரத்தில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். விற்பவருக்கு அவசரம் இருந்தால் விலை இறங்குகிறது. ஏலத்தில் வாங்குபவர்கள் தங்களுக்குள் மோதுகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரே பொருள் வேண்டியிருந்தால் விலை ஏறுகிறது. ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள்: குறைந்தது இரண்டு மூன்று பேராவது உண்மையிலேயே வாங்க வந்திருக்க வேண்டும், அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாதிருக்க வேண்டும். இதற்குக் கீழே விற்பதில்லை என்ற அடிவிலையை முதலிலேயே முடிவு செய்துகொள்வதும் அவசியம்.

கொண்டு போகும் முறை

இரண்டு காலையும் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு, இருசக்கர வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவது பரவலான வழக்கம். தேவையற்ற வலி தரும் விதத்தில் விலங்கைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். மேலும் தொங்கி வந்த பறவையின் இறக்கை கன்றிப்போகும், மூச்சுத் திணறும், சந்தையில் துவண்டு கிடக்கும். காற்றோட்டமுள்ள மூங்கில் கூடையோ கம்பிக் கூண்டோ போதும். பழக்கமில்லாத இரண்டு சேவல்களை ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது.

பேருந்தில் கொண்டுபோனால் சீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடக அரசுப் பேருந்துகளில் கோழிக்கு அரைச் சீட்டு வாங்கும் வழக்கம் பெயர் பெற்றது. 2023 ஜூனில் தொடங்கிய சக்தித் திட்டத்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அவர்கள் கொண்டுவரும் பறவைக்கு இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரிலிருந்து மைசூருக்குச் சென்ற பேருந்தில் லவ் பேர்ட்ஸ் நான்குக்குச் சேர்த்து 444 ரூபாய்க்குச் சீட்டுக் கொடுக்கப்பட்டது செய்தியானது. அருகிலுள்ள சந்தையைவிடத் தொலைவிலுள்ள சந்தையில் விலை கூடுதல் என்று கிளம்புவதற்கு முன், இந்தச் செலவைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நோயும் சந்தையும்

பல ஊர்ப் பறவைகள் கூடும் இடத்தில் நோயும் கூடும். புறக்கடைக் கோழியை ஒட்டுமொத்தமாக அழிப்பது வெள்ளைக் கழிச்சல். இதற்கு ராணிகெட் நோய் என்று புத்தகங்களில் வரும் பெயர், 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் அது கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயர். பக்கத்து வீட்டில் கோழி சாகத் தொடங்கியதும், இருப்பதையாவது காசாக்கலாம் என்று சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வழக்கமாக இருக்கிறது. நோய் ஊர் ஊராகப் பரவுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஊசியும் போட்டால் இந்த நோயைத் தடுக்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்காக இருவார முகாம் நடத்துகிறது.

பறவைக் காய்ச்சல் வந்தால் சந்தையே நின்றுவிடும். 2020 மார்ச்சில் மைசூரு நகரின் கும்பாரகொப்பலு பகுதியில் அது உறுதியானபோது, சுற்றுவட்டாரத்தில் வளர்ப்புக் கோழிகள் அழிக்கப்பட்டன. விதிமுறைப்படி நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகள் அழிக்கப்படும். பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். விற்காமல் திரும்பக் கொண்டுவந்த சேவலையும் புதிதாக வாங்கிய சேவலையும் இரண்டு மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் வைத்திருந்து பிறகு மந்தையோடு சேர்ப்பதே பாதுகாப்பு.

சேர்ந்து விற்பது

ஒரே ஒரு சேவலோடு நிற்பவரிடம் பேரம் பேசும் வலு இல்லை. பத்து வீட்டுச் சேவல்களை எடை போட்டு, தரம் பிரித்து, ஒரே இடத்தில் ஐம்பது பறவையாக நிறுத்தினால் மொத்த வியாபாரிகள் அந்த இடத்தைத் தேடி வருவார்கள். அப்போது அடிவிலை வைத்து ஏலம் கேட்கச் சொல்லவும் முடியும். கர்நாடகத்தின் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. பால் கூட்டுறவுச் சங்கம் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ப விலை கொடுத்த பிறகுதான் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் நிலையான வருமானம் வந்தது. அளக்கும் ஒழுங்கு கோழிக்கும் வந்தால் அதே பயன் கிடைக்கும்.

சுங்கம் வாங்கும் உள்ளாட்சிக்கும் பொறுப்பு உண்டு. கோழி விற்கும் இடத்துக்கு நிழல், தண்ணீர், முத்திரையிட்ட பொதுத் தராசு, எச்சத்தைக் கழுவ வசதி ஆகிய நான்கும் இருந்தால் விற்பவர் வெயிலுக்குப் பயந்து அவசரப்பட வேண்டியதில்லை. வீட்டில் எடை தெரிந்து, பண்டிகை பார்த்து அடை வைத்து, நோய்க்கு ஊசி போட்டு, விடியலில் சந்தை சேர்ந்து, நாலு பேராகக் கூடி விற்கும் பெண்ணுக்குப் புறக்கடைச் சேவல் நம்பத் தகுந்த வருமானம். அதே சேவல், கண்மதிப்பிலும் அவசரத்திலும் விற்கப்படும்போது அந்த வருமானத்தின் ஒரு பங்கு வேறொருவர் கைக்குப் போகிறது.